அறுபத்திரண்டு பேர் சொன்ன ‘வேணும்’

1. காணாமல் போன மரம்

களப்பணி செய்த இருபத்தாறு வருடத்தில், போலீசுக்குப் போகலாமா என்று நான் யோசித்தது ஒரே ஒரு தடவைதான். எண்பதுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானுக்கு வடக்கே கடலோரமாக இருந்த ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில். கோயிலுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு லோரி மரம் அடுக்கியிருக்க வேண்டும். செங்கால் என்கிற கெட்டி மரத்தில் பீம், பலகை, கூரைத் தகரம், கூடவே சிமெண்டு மூட்டைகள். முந்தின திங்கட்கிழமைதான் நானே நின்று இறக்கி, டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது அந்த இடத்தில் மரம் கிடந்த தடமும் இரண்டு கோழியும்தான் இருந்தன.

கையெழுத்து என்னுடையது. அந்த டெலிவரி ஆர்டர் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில், என் பெயர் எழுதிய ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கதவாவது திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சாத்திக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தோட்டத்து லயத்தில் ரேடியோ சத்தம்கூட இல்லை என்றால் ஒன்று சாவு, இல்லையென்றால் கல்யாணம். இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் ‘மக்கள் பங்கேற்பு’ என்றால் என்ன ஆன்ட்டி என்று என்னிடம் கேட்கிறார்கள். பட்டறையில் அதற்கு நல்ல விளக்கம் கொடுக்கிறார்களாம், வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு. என்னிடம் வட்டமும் இல்லை, அம்பும் இல்லை. இந்த மரம் காணாமல் போன கதைதான் இருக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

2. நான் பேர் வாசித்த கூட்டம்

நான் கிராணி வீட்டுப் பிள்ளை. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கிளார்க். அந்தக் காலத்தில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் நிறையப் பேர் அந்த வேலையில் இருந்தார்கள். அப்பா காஜாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தார். அங்கே விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு நடக்கும். ரப்பர் பால் வெட்டுகிற ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். வேலை வாங்குகிற மண்டோர் பேர் வாசிப்பார். ஒவ்வொருவரும் ‘இருக்கேன்’ என்பார்கள். யாருக்கு எந்த மர வரிசை என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் தினமும் கண் விழித்தேன். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சமூகநல மன்றத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது, தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற மிதப்பு எனக்கு நிறைய இருந்தது.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. பஸ் ஸ்டாண்டில்கூட நடந்துகொண்டேதான் காத்திருப்பேன். ‘இவளுக்குக் காலில் சக்கரம்’ என்று வீட்டில் சொல்வார்கள். சக்கரம் ஓடுகிற வேகத்துக்குப் புத்தி ஓடவில்லை என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் எங்கள் மன்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் உதவி வந்தது. தோட்டத்து மக்களுக்குத் தேவையான ஒன்றைக் கட்டித் தர வேண்டும். மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும், மக்களே உழைக்க வேண்டும், டிசம்பர் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். முடியாவிட்டால் உதவி திரும்பிப் போய்விடும். இதற்காக ஆபீசில் ஒரு படிவம், பாரம் என்போம், அடித்துக் கொடுத்தார்கள். மண்டபம், பாலர் பள்ளி, விளையாட்டுத் திடல், வாசிப்பு அறை என்று நான்கு கட்டம். கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் என் கையெழுத்துக்கு மூன்று சொல்கூட அடங்காது.

எங்கள் டைரக்டர் மிஸ்டர் செல்லையா. அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலிலும் டை கழற்ற மாட்டார். "மிஸ் தவமணி, ரெசலூஷன் யூனானிமஸ்ஸா இருக்க வேணும். ஒருத்தர் மாறிச் சொன்னாலும் உதவி குடுக்கிறவையள் கேள்வி கேப்பினம்," என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

ஒன்பதாங்கட்டையில் மண்டோர் முனியாண்டி என்னை வரவேற்றார். அவரே கோயில் தலைவர். கூட்டம் எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். "பெரட்டுக் களம் இருக்கே மிஸ். சிமெண்டு தரை, லைட்டு எல்லாம் இருக்கு. அங்கதான் ஆளுங்க ஒழுங்கா நிப்பாங்க," என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அவரே பேர்ப் பட்டியலின் நகல் ஒன்றும் கொடுத்தார். அறுபத்திரண்டு பேர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அறுபத்திரண்டு பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். நான் கணீரென்று பேர் வாசித்தேன். ‘இருக்கேன்’, ‘இருக்கேன்’ என்று பதில் வந்தது. எனக்கு ஒரே பெருமை. பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்னு தைரியமாச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்," என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. மண்டோர் தொண்டையைக் கனைத்தார்.

"மண்டபம்னா நல்லதுதான் மிஸ். கல்யாணம் காரியத்துக்கு ஆகும்."

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பதுதானே முறை என்று நான் பட்டியலை மறுபடி மேலிருந்து வாசித்தேன். பேர் சொன்னதும் ஒவ்வொருவரும் "வேணும்" என்றார்கள். பாக்கியம் என்ற பேருக்கு மட்டும் சற்று நேரம் பிடித்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் ரப்பர் பால் கறை காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள், மண்டோரைப் பார்த்தாள், பிறகு அவளும் "வேணும்" என்றாள். நான் டிக் போட்டேன். முழுக் கூட்டமும் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் மிஸ்டர் செல்லையா எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். "இவ்வளவு காலத்திலை இப்பிடி ஒரு ரெசலூஷன் நான் காணேல்லை பிள்ளை," என்றார்.

3. யாரும் வராத இரண்டு ஞாயிறு

அக்டோபர் முதல் ஞாயிறு கோத்தோங் ரோயோங் என்று அறிவித்தோம். ஊர் கூடிச் செய்கிற உழைப்புக்கு இங்கே அதுதான் பெயர். நான் கிள்ளான் பஸ் ஸ்டாண்டிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய், கோயிலுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றேன். மண்டோர் வந்தார். அவருடைய மருமகன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். வேறு யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அதே மூன்று பேர். ‘வேணும்’ என்றவர்கள் அறுபத்திரண்டு பேர், வெட்ட வந்தவர்கள் மூன்று. அதிலும் ஒருத்தி நான்.

"என்ன லா மண்டோர், இப்படிப் பண்றாங்க?" என்று கேட்டேன்.

"நான் கூப்ட்டா வேலைக்கு வருவாங்க மிஸ். இது வேலை இல்லையே," என்றார் அவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நல்லதைச் செய்ய வந்தால் இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்லை என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாவிடம் கிள்ளான் வரும்வரை புலம்பினேன். அவர் பாவம், மீன் வாங்கப் போகிறவர். டிசம்பருக்கு இன்னும் எத்தனை ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணி எண்ணி எனக்குத் தூக்கம் போனது.

புதன்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் லயத்துக்குப் போனேன். அன்றைக்குக் காலையில் நல்ல மழை. நான் முதலில் தட்டிய கதவு பாக்கியத்துடையது. ஒரே காரணம், அவள் ‘வேணும்’ சொல்லத் தயங்கியது எனக்கு நினைவிருந்தது. உள்ளே பதினொரு வயதுப் பெண் ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, ஸ்கூல் யூனிஃபார்ம் பாவாடையை வீட்டுப் பாவாடையாகக் கட்டியிருந்தாள்.

"ஸ்கூல் லீவா?" என்றேன்.

"இல்ல மிஸ். மழைன்னா போறதில்ல," என்றாள். அவள்தான் கோகிலா.

பாக்கியம் வரக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். தமிழ்ப்பள்ளி பாரிட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கடலோரத் தோட்டங்களில் தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் பெரிய வாய்க்கால்தான் பாரிட். அதன் மேல் ஒரு தென்னந்தண்டு கிடக்கிறது. அதில் நடந்தால் பத்து நிமிடம். மெயின் ரோட்டைச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம், அதுவும் போர்ட் கிள்ளான் லோரிகளுக்கு நடுவில். போன வருடம் மழையில் கோகிலா அந்தத் தண்டிலிருந்து வழுக்கி உள்ளே போய்விட்டாள். இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்.

"அதுலேர்ந்து தண்ணி ஏறிச்சுன்னா நான் அனுப்பறதில்ல மிஸ். கூடப் போவலாம்னா அஞ்சரைக்குப் பெரட்டு, நான் ரப்பர் காட்டுல நிப்பேன். அவங்கப்பா லோரி அட்டெண்டன், வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவாரு. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு. ஜனவரில பள்ளிக்கூடம் தொறக்கற மொத நாள் வரலைன்னா பேர வெட்டிருவேன்னு பெரிய வாத்தியாரு சொல்லிட்டாரு."

"இதை ஏன் அக்கா கூட்டத்துல சொல்லல?"

"எந்தக் கூட்டம்?"

"நான் வச்ச கூட்டம்."

பாக்கியம் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அதனால்தான் சுருக்கென்றது. "அது கூட்டமா மிஸ்? நாங்க பெரட்டுன்னுல்ல நெனச்சோம்! பெரட்டுக் களத்துல நிக்க வச்சீங்க, பெரட்டுப் பேரு வாசிச்சீங்க. பெரட்டுல யாராச்சும் வாயத் தொறப்பாங்களா? பேரு சொன்னா இருக்கேன்னு சொல்லணும். என்ன வேணும்னு நீங்க கேட்டீங்க, மண்டோரு பதில் சொன்னாரு, நாங்க ஆமான்னோம். முடிஞ்சிச்சி."

எனக்கு அவமானமாக இருந்தது. மக்களைப் பேசவைக்க வந்தவள், அவர்கள் பிறந்ததிலிருந்து பேசாமல் நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பேசாமல் நிற்கவைக்கிற அதே வாசிப்பை வாசித்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பெரட்டே தெரியாது. அந்தச் சத்தத்தில் வளர்ந்த என்னால்தான் செய்ய முடியும்.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு அந்தத் தண்டைப் பார்க்கப் போனேன். பாக்கியம், "வேணாம் மிஸ், சொன்னா கேளுங்க," என்று பின்னாலேயே வந்தாள். நான் எப்போது கேட்டிருக்கிறேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடிக்குத் தண்டு உருண்டது. இடுப்பளவுக்கு மேலே சேறும் தண்ணீரும். கைப்பை திறந்து என் பாரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடலைப் பார்த்து மிதந்து போயின. கரையில் நின்ற கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாக்கியம்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அன்றைக்கு அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பினேன்.

4. மூன்று மேசை

மண்டபத்துக்குப் பதில் பாலம் என்று மாற்றித் தரும்படி அன்றிரவே மனு எழுதினேன். மிஸ்டர் செல்லையா அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார்.

"அறுபத்திரண்டு பேர் மண்டபம் எண்டு சொன்னவை. நீரே பேருக்குப் பேர் டிக் போட்டுக் கொண்டு வந்தனீர். இப்ப பாலம் எண்டால், அது பொய்யா, இது பொய்யா?"

"அது பொய் சார். தப்பு என்னுடையது."

"உம்முடைய தப்பை நான் வெளிநாட்டுக்கு எழுதேலாது. மண்டபத்துக்கு வந்தது மண்டபத்துக்குத்தான்."

இரண்டாவது மேசை பாரிட்டைக் கவனிக்கும் ஆபீஸ். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்கார வைத்து மைலோ வாங்கிக் கொடுத்தார். மனு கொடுக்கலாம், அளக்க ஆள் வருவார்கள், வரைபடம் மேலே போகும், குறைந்தது ஒரு வருடம் ஆகும் என்றார். மூன்றாவது, தோட்ட மானேஜர். கோயில் பக்கத்தில் மண்டபம் கட்ட அவருக்கு ஆட்சேபம் இல்லை. பாரிட் தன் எல்லையில் இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் மறுபடி லயத்துக்குப் போனேன். இந்த முறை பெரட்டுக் களம் வேண்டாம், பட்டியல் வேண்டாம் என்று பொதுக் குழாயடிக்குப் போய், அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தேன். நாலு மணி. குடம் வைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஆண்கள் சிலர் தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாலம் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எந்த இடத்தில் மண் கெட்டி, மழைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும், சைக்கிள் போக எத்தனை பலகை வேண்டும், கைப்பிடி எத்தனை அடி உயரம் இருந்தால் சின்னப் பிள்ளைக்கு எட்டும். சண்டை வேறு. குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் ஈரம். எழுதிக்கொள்ள முடியாமல் பென்சிலை வைத்துவிட்டேன். பெரட்டுக் களத்தில் வாயே திறக்காத அதே ஜனம்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு, மூன்று மேசையும் கைவிரித்த கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பாக்கியம் தன் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "சரி மிஸ். மண்டபத்துக்கு வர்ற மரத்த அனுப்பி வைங்க. இந்தத் தடவ ஆளு நாங்க பாத்துக்கறோம்," என்றாள். மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. நல்ல வேளை, மனம் மாறிவிட்டார்கள் என்று சந்தோஷமாக மரத்துக்கு ஆர்டர் போட்டேன்.

5. பாரிட் கரையில்

மரம் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோயிலுக்கும் லயத்துக்கும் இடையில் இரண்டு தடவை ஓடிய பிறகுதான் சுத்தியல் சத்தம் காதில் விழுந்தது. சத்தம் பாரிட் பக்கமிருந்து வந்தது.

போய்ப் பார்த்தால் தோட்டமே அங்கே நின்றது. பால் ஏற்றுகிற டிராக்டரில் சனிக்கிழமை மத்தியானமே மரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். நாலு மூலைக்கும் செங்கால் மரத்தில் கால் நட்டு, அடியில் சிமெண்டு கொட்டி, பீம் ஏற்றியாகிவிட்டது. பெண்கள் பலகை சுமந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆணி எடுத்துக் கொடுத்தார்கள். மண்டோர் முனியாண்டி கழுத்தளவு தண்ணீரில் நின்று, நடுவில் நடுகிற ஒரு மரக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கரையில் நின்று, "இன்னும் கொஞ்சம் சாய்ங்க மண்டோரே, உங்க பக்கந்தான் கோணுது!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள் பாக்கியம்.

"மண்டோர், நீங்களுமா?" என்றேன்.

"என் பேத்தியும் இந்தத் தண்டுமேலதான் மிஸ் போவுது," என்றார்.

"அப்ப ஏன் மண்டபம்னு சொன்னீங்க?"

"நீங்க மண்டபம் குடுக்கத்தானே வந்தீங்க? பாரத்துல மொத கட்டமே அதானே? இல்லாததக் கேட்டா இருக்கறதும் போயிரும். நாப்பது வருஷமா பாக்கறேன்," என்றார், தாடை தண்ணீரில் படாமல் தலையைத் தூக்கிக்கொண்டு.

நான் பாக்கியத்திடம் திரும்பினேன். எனக்கு வந்தது கோபமா பயமா என்று தெரியவில்லை. "அக்கா, இது திருட்டு. என் வேலை போயிடும்."

"யாரு மரம் மிஸ் இது?"

"மண்டபத்துக்கு வந்த மரம்."

"எங்களுக்கு வந்த மரம். எங்க பேருலதான வாங்குனீங்க? ஒவ்வொரு பேரா வாசிச்சீங்களே. அதுல என் பேரும் இருந்துச்சு."

கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வேலை போனால் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு யோசனை. பலகையை எல்லாம் பிடுங்கச் சொல்லலாமா என்று ஒரு யோசனை. கோகிலா ஆணிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஜனவரிக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்: "ரிப்போர்ட்ல நான் என்ன எழுத? மண்டபம்னா கூரை வேணும், ஆள் உட்கார இடம் வேணும்."

சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு குழாயடியில் கேட்ட அதே இரைச்சல் மறுபடி ஆரம்பித்தது. கூரைத் தகரம் முழுசாக இருக்கிறதே, காலை உயர்த்தினால் போடலாம். கைப்பிடிப் பக்கம் நீளத்துக்குப் பெஞ்சு அடித்தால் இரண்டு பக்கமும் ஆள் உட்காரலாம். நடுவில் சைக்கிள் போக வழி விட்டால் போதும்.

"கூரைதான மிஸ்? போட்டுருவோம் லா," என்றார் தண்ணீருக்குள்ளிருந்து மண்டோர். "மொதல்ல யாராச்சும் என்னத் தூக்கி விடுங்க."

மறுநாள் காலையில் ராஜினாமாக் கடிதம் ஒன்று டைப் அடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் அது பையிலேயே கிடந்து கசங்கியது.

6. திறப்பு விழா

டிசம்பர் மூன்றாவது வாரம் மிஸ்டர் செல்லையா வந்தார். கூடவே உதவி கொடுத்த நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர். காரில் ஒன்பதாங்கட்டை வரும்வரை நான் பாலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கோயிலடியில் இறங்கியதும் டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மண்டபம் எங்கை?"

"கொஞ்சம் நடக்கணும் சார்."

பாரிட் கரையில் வந்து நின்றார். தண்ணீருக்கு மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு, கைப்பிடி முழுக்க மாவிலைத் தோரணம். மனிதர் டையைத் தளர்த்தினார். அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "இது பாலமெல்லோ?" என்றார் மெதுவாக.

நான் கைப்பைக்குள் கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. கடலோர மழை சொல்லிக்கொண்டு வராது. ஓடி ஒதுங்க அந்தக் கூரையை விட்டால் வேறு இடமில்லை. டைரக்டர், வெள்ளைக்காரர், மண்டோர், நான், ஐம்பது அறுபது பேர், எல்லாரும் அந்தப் பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். காலுக்குக் கீழே பாரிட் பொங்கி ஓடியது. வெள்ளைக்காரர் தகரச் சத்தத்துக்கு மேல் கத்தி, மண்டபத்தை ஏன் தண்ணீர் மேல் கட்டினார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ்டர் செல்லையா என்னைப் பார்த்தார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் பாக்கியத்திடம் கேட்டேன்.

"கோயில் பக்கத்து நெலம் தோட்டத்துது சார்," என்றாள் பாக்கியம். "அங்க கட்டுனா நாளைக்கு வித்துருவாங்க, மண்டபமும் அதோட போயிரும். பாரிட்ட யாரும் விக்க மாட்டாங்க. அதோட எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவணும்."

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். முதல் பாதியை அவள் அதுவரை என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் ஆபீசில் இருந்த படித்தவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வெள்ளைக்காரர் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார், பக்கத்திலிருந்த பிள்ளையிடம் ஒரு வடை வாங்கித் தின்றார், நிறையப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டறிக்கையின் அட்டையில் அந்தப் பாலம் வந்தது. ‘மக்களே தேர்ந்தெடுத்த மண்டபம்’ என்று கீழே போட்டிருந்தார்கள். தேர்ந்தெடுத்தது மக்கள்தான், அதில் பொய் இல்லை. நான் டிக் போட்ட பாரத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

மிஸ்டர் செல்லையா என் ராஜினாமாவை வாங்கவில்லை. அதைவிடப் பெரிய தண்டனையாக ஆறு மாதம் களத்துக்கு அனுப்பாமல் மேசையில் உட்கார வைத்தார். உட்காரத் தெரியாதவளுக்கு ஆறு மாதம் நாற்காலி என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாரிட் ஆபீசிலிருந்து, இதைக் கட்டியது யார் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் போட வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

7. ஜனவரி முதல் நாள்

பள்ளி திறந்த அன்று நான் உடம்பு சரியில்லை என்று எம்.சி. லீவு போட்டேன். முந்தின நாளே கிள்ளானில் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கி, விடிவதற்குள் பாரிட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க மழை பெய்து, பழைய தென்னந்தண்டு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. பாலம் அசையாமல் நின்றது. பாக்கியம் இல்லை. அந்த நேரத்தில் அவள் ரப்பர் காட்டில் வேலையில் இருப்பாள். அவள் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அதற்குத்தானே இந்தப் பாலம்.

ஏழு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். முன்னால் சைக்கிளில் இரண்டு பையன்கள், பின்னால் மண்டோரின் பேத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். கடைசியாகக் கோகிலா. யூனிஃபார்ம் பாவாடை இப்போது யூனிஃபார்மாகவே இருந்தது. அந்தப் பெஞ்சு, அந்தக் கூரை, நான், எதையும் அவள் நின்று பார்க்கவில்லை. பாலம் என்றால் நடந்து போவதற்கு என்பதுபோல் போனாள்.

பயனடைந்தவர்கள் யார் யார் என்று கடைசி ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது எனக்கு. பழக்க தோஷம். நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்து, "எல்லாரும் ஒரு நிமிஷம் வரிசையா நில்லுங்க, பேர் எழுதிக்கிறேன்," என்றேன்.

கோகிலா அந்தப் பக்கத்துக் கரையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"பேரு வாசிக்காதீங்க மிஸ், லேட்டாயிருச்சு!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மற்றப் பிள்ளைகளும் ஓடினார்கள்.

நோட்டை மூடினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டங்களில், கம்பத்துக் கிராமங்களில், எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறேன். ஒன்றிலும் நான் பேர் வாசித்ததில்லை.